பொண்ணோட அம்மா எங்கே?

அன்புள்ள அம்மா,

நான் வேலூரில் கல்யாணப் போட்டோகிராபர். ஆரணி, குடியாத்தம், ஆற்காடு என்று முகூர்த்தம் எங்கே இருக்கிறதோ அங்கே நான் இருப்பேன். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படத்துக்குக் குறையாமல் எடுப்பேன். போன ஆவணியில் ஆரணியில் மாமா பெண்ணின் கல்யாணத்துக்கு முதல் முறையாகக் கேமரா இல்லாமல் போனேன். உட்காரவே முடியவில்லை. மேடையில் ஒரு பக்கம் மஞ்சள் எல்.இ.டி., ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம். பெண்ணின் முகம் இரண்டு நிறமாக விழப்போகிறதே என்று வயிற்றைப் பிசைந்தது. கெட்டிமேளம் கேட்டதும் வலது ஆள்காட்டி விரல் தானாக அழுத்தியது.

வரும் தையில் எனக்கே கல்யாணம். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்தான் படம் எடுக்கிறான். மணவறையில் உட்கார்ந்துகொண்டு அவனுக்கு ஆங்கிள் சொல்லாமல் என்னால் இருக்க முடியுமா? என் நண்பர்கள் எல்லோரும் இதே தொழிலில் இருக்கிறார்கள். அதே முகூர்த்தத்தில் அவர்களுக்கும் ஆர்டர் இருப்பதால் ஒருவரும் வர முடியாது. கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் பக்கம் அவுட்டோர் வைக்கலாமா என்றும் யோசனை. கேமரா இல்லாமல் ஒரு கல்யாணத்தை, அதுவும் என் கல்யாணத்தை, எப்படிப் பார்ப்பது? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்பா இல்லை. தாரை வார்க்கச் சித்தப்பாவும் சித்தியும் உட்காருகிறார்கள். "நான் பின்னாடி நின்னு பாத்துக்கறேன்" என்று அம்மா சொல்லிவிட்டார். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்து எனக்கு முதல் கேமரா வாங்கிக் கொடுத்தவர் அவர். மற்றபடி ஏற்பாடெல்லாம் நன்றாக நடக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)
வேலூர்

அன்புள்ள பெண்ணே,

அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

நீ கேட்டதை முதலில் முடித்துவிடலாம். விரல் துடித்தது வியாதி இல்லை. தையல்காரர் கல்யாணத்துக்குப் போனால் ரவிக்கைத் தையலைத்தான் பார்ப்பார். சொந்தக் கல்யாணத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்கிறாய். பார்க்கவே முடியாது. ஓமப்புகையில் கண் எரியும், சடையின் கனத்தில் கழுத்து வலிக்கும், ஐயர் கையை நீட்டு என்பார், நீட்டுவாய், அவ்வளவுதான். முந்தின நாள் ராத்திரி வரவேற்பில் நின்ற கால்வலி வேறு. யாரும் தன் கல்யாணத்தைப் பார்த்ததில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். அந்தப் பையனுக்கு ஆங்கிள் சொல்வாயா என்றால், சொல்வாய். அவன் கேட்க மாட்டான். உன்னிடம் கற்றவன்தானே.

நண்பர்கள் வர முடியாதது நிஜமாகவே வருத்தம்தான். ஊரில் எல்லோரும் ஒரே வளர்பிறை முகூர்த்தத்துக்கு அடித்துக்கொண்டால் போட்டோகிராபர் என்ன செய்வார், நாதஸ்வரக்காரர்தான் என்ன செய்வார். ஆனால் மார்கழியில் அவர்கள் எல்லோரும் சும்மாதான் இருப்பார்கள். ஆம்பூரிலிருந்து பிரியாணி வரவழைத்து ஒரு விருந்து வை. மார்கழியில் கவிச்சியா என்று யாராவது முகம் சுளித்தால் அவருக்குத் தயிர்சாதம் போடு.

கோட்டை விஷயத்தில் எனக்கு அபிப்பிராயம் கிடையாது. அந்தக் கல்யாண மண்டபத்துத் தூண்களில் பாய்கிற குதிரைகளையும் யாளிகளையும் பார்த்துவிட்டு, அதன் முன்னால் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து நின்றால் எப்படியிருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

சரி. இப்போது உன் கடைசிப் பத்திக்கு வருகிறேன்.

எல்.இ.டி. வெளிச்சத்துக்கு அத்தனை வரி எழுதியவள், உன் அம்மாவுக்கு நாலு வரிதான் எழுதியிருக்கிறாய். அதன் முடிவில் "மற்றபடி ஏற்பாடெல்லாம் நன்றாக நடக்கிறது" என்கிறாய். அந்த "மற்றபடி" என்னைத் தூங்கவிடவில்லை. பெண்ணின் முகம் இரண்டு நிறமாக விழுந்தால் உனக்கு வயிற்றைப் பிசைகிறது. பெற்றவள் மேடையிலேயே இல்லை என்றால் ஒன்றும் செய்யவில்லையா?

இது ஏன் எனக்கு இப்படி உறைக்கிறது என்று சொல்கிறேன். போன வாரம்தான் என் அக்காவின் கல்யாண ஆல்பத்தைப் பூச்சி அரிக்கிறது என்று ஸ்கேன் எடுத்தோம். எண்பதுகளில் குடியாத்தத்தில் நடந்த கல்யாணம். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எங்கள் அப்பா போய்விட்டார். கல்யாணத்தன்று அம்மா சத்திரத்தின் சாமான் அறையில் உட்கார்ந்து தேங்காய், வெற்றிலை, சர்க்கரை மூட்டைக்குக் காவல் இருந்தாள். போய் அங்கே உட்கார் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. விடியற்காலையிலேயே தானாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆல்பத்தில் பெரியப்பா இருக்கிறார். பெரியப்பாவின் கடைப் பங்காளிகள் இருக்கிறார்கள். அக்காவை அதற்கு முன் பார்த்தேயிராத யாரோ ஒரு அதிகாரி இரண்டு படத்தில் இருக்கிறார். அம்மா ஒரே ஒரு படத்தில் இருக்கிறாள், அதிலும் முழுசாக இல்லை. கூறைப்புடவைத் தாம்பாளத்தை வாசற்படிக்கு உள்ளிருந்து யாரிடமோ நீட்டுகிறாள். இடது ஓரத்தில் ஒரு முன்கை, பித்தளைத் தாம்பாளத்தின் விளிம்பு, வெள்ளை ரவிக்கையின் கை ஓரம். மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. பிரிண்ட் போடும்போது ஓரத்தை இன்னும் அரை விரல்கடை வெட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

அந்த ஸ்டுடியோக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு ரோலுக்கு 36 படம். ஒவ்வொன்றுக்கும் காசு. யாரை எடுப்பது என்று கல்யாணக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் பட்டனை அழுத்துவார். உனக்கு அந்த 36 இல்லை, மூவாயிரம் இருக்கிறது. பூத்தட்டை எடுக்கிறாய், மெட்டியை எடுக்கிறாய், மாப்பிள்ளையின் ஷூவைத் தனியாக மூன்று கோணத்தில் எடுக்கிறாய். ஃபிலிம் தீர்ந்துபோனது என்கிற சாக்கு உனக்குக் கிடையாது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை உங்கள் ஆட்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மண்டபத்தில் இன்று யார் பேச்சு செல்லுகிறது? ஐயரோடு தாய்மாமன் சண்டை போடுவார். சம்பந்திகள் பந்தியில் முறைத்துக்கொள்வார்கள். ஆனால் நீ "கொஞ்சம் தள்ளுங்க" என்றால் கவுன்சிலர் முதற்கொண்டு தள்ளி நிற்கிறார். "மாப்பிள்ளை, அப்படியே ஒரு செகண்ட்" என்றால் தாலி அந்தரத்தில் நிற்கிறது. ராகுகாலத்துக்கு நடுங்குகிறவர்கள் உன் லென்ஸுக்காக முகூர்த்தத்தை நிறுத்திவைக்கிறார்கள். இவ்வளவு அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்? "சுமங்கலிங்க மட்டும் மேல வாங்க" என்று கூப்பிடுகிறீர்கள். நீயும் கூப்பிட்டிருப்பாய். எழுதவில்லை, ஆனால் கூப்பிட்டிருப்பாய்.

வாலாஜாபேட்டையில் ஒரு கல்யாணம். பெண்ணின் பாட்டி கடைசி வரிசையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். குடும்பப் படத்துக்கு எல்லோரும் ஏறி நின்றாயிற்று. போட்டோகிராபர் சின்னப் பையன், மீசை சரியாக முளைக்கவில்லை. கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, மைக் இல்லாமலே, "ஆயா! இன்னா அங்கியே குந்திகினு கீற? மேல வா, லைட்டு போட்டாச்சு" என்றான். மேடையில் யாரோ, "தம்பி, அவங்க வந்து..." என்று இழுத்தார். பையன், "அப்புறம் ஆல்பத்துல ஆள் கொறையுதுன்னு என்னியதான் கேப்பீங்க" என்றான். ஒருவரும் பேசவில்லை. பாட்டி புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று படி ஏறினார். "பொண்ணு கையப் புடிச்சிக்க ஆயா" என்றான். பிடித்துக்கொண்டார். அந்தப் பையன் புரட்சி பண்ண வந்தவன் இல்லை. படத்தை முடித்துவிட்டுச் சாப்பிடப் போகிற அவசரம், அவ்வளவுதான். எத்தனையோ பட்டிமன்றத்தில் பேசித் தீராத காரியம் ஒரு பசியில் நடந்துவிட்டது.

சாஸ்திரம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். 1967-இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். உறவினர், நண்பர் முன்னால் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ அந்தக் கல்யாணம் செல்லும், புரோகிதரே வேண்டாம். புரோகிதர் இல்லாமலே செல்லுகிற ஒரு காரியத்தில், பெற்ற தாய் மேடையில் நின்றால் என்ன குறைந்துவிடப்போகிறது? 2023-இல்கூட, விதவை என்று ஒரு பெண்ணைக் கோயில் திருவிழாவுக்குள் விட மறுத்த வழக்கு ஒன்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அப்படித் தடுப்பதற்கு யாருக்கும் உரிமை கிடையாது என்று கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது. உன் ஊரை எடுத்துக்கொள். 1973 டிசம்பர் 24 அன்று பெரியார் கண்ணை மூடியது உங்கள் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில்தான். அந்த ஊரில் ஷூ கம்பெனிக்குப் போய் மகளை வளர்த்து ஆளாக்கிய ஒருத்தி பின்னால் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள், நீயும் சரி என்கிறாய்.

"அம்மாவே சொல்லிவிட்டார்" என்று பதில் எழுதாதே. என் அம்மாவும்தான் தானாகப் போய் உட்கார்ந்தாள். யாராவது ஒருத்தர் வாயைத் திறப்பதற்கு முன்னால் தானே சொல்லிவிட்டால் அந்த அவமானமாவது மிச்சம் என்கிற கணக்கு அது. அதைப் போய் விருப்பம் என்று எடுத்துக்கொள்வாயா? நீ பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, மேடைக்கு வர்றியா" என்று கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்லுவார். கண் கலங்கும், பேச்சை மாற்றுவார், அடுப்பில் பால் வைத்தேன் என்று எழுந்து போவார். அதனால் கேட்காதே. படம் எடுக்கப்போகிற அந்தப் பையனிடம் சொல்லிவை. மாலை மாற்றும்போது ஒன்று, தாலி கட்டும்போது ஒன்று, அப்புறம் குடும்பப் படம். மூன்று இடத்திலும் "அம்மா, மேல வாங்க, லைட் ரெடி" என்று அவன் கூப்பிட வேண்டும். வேலையாகக் கூப்பிட்டால் வந்துவிடுவார். ஷிஃப்ட் தவறாமல் கம்பெனி வேன் ஏறியவருக்கு வேலை என்றால் கால் தானாக நகரும்.

சித்தப்பாவிடம் நீயே பேசு, கல்யாணத்துக்கு முன்னாலேயே பேசு. சண்டை வேண்டாம். தாரை வார்க்க அவர்களே உட்காரட்டும், தம்பதியாகத்தான் உட்கார வேண்டும் என்று அவ்வளவு பிடிவாதமாக இருந்தால். (எனக்கு இதில் சம்மதம் இல்லை. தாரை வார்க்க இரண்டு பேர் வேண்டுமாம், உன்னை வளர்க்க மட்டும் ஒருத்தி போதும்.) ஆனால் நீர் ஊற்றும்போது அம்மா உன் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். தூணுக்குப் பின்னால் இல்லை, பக்கத்தில். உனக்கு ஃபிரேம் தெரியும், நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டதா? போகவில்லை என்றால் அழைப்பவர் இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே பார். சித்தப்பா பெயர் மட்டும் இருந்தால் நிறுத்தி, அம்மாவின் பெயரை மேலே போடச் சொல். அச்சகத்தில் ஏற்கெனவே ப்ளேட் போட்டாயிற்று, தனியாகக் காசு ஆகும் என்பார்கள். கொடுத்துத் தொலை.

எனக்கும் ஒன்று அனுப்பு. முகூர்த்தத்துக்கு வருகிறேன். முந்தின நாள் வரவேற்புக்கு மட்டும் கூப்பிடாதே, அந்த ஸ்பீக்கர் சத்தம் எனக்கு ஆகாது.

அன்புடன்.