தலைமுழுகுதல்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் யாங்கோனில் இருக்கிறேன். வயது 34. அப்பா காலமாகிவிட்டார். வீட்டில் அம்மா, தம்பி, நான். சாமி மாடத்தில் முருகன் படம், ஆடியில் குலதெய்வத்துக்குப் பொங்கல், எல்லாம் வழக்கம்போல உண்டு. ஒன்பது வருடமாக ஒரு தமிழ்ச் சபைக்குப் போகிறேன். இயேசுவை விசுவாசிக்கிறேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை.

சபைக்குப் போவதை அம்மா தடுப்பதில்லை. ஞானஸ்நானம் என்ற பேச்சு வந்தால் மட்டும் அழுகிறார். "எனக்குக் கொள்ளி வைக்கிற வரைக்கும் பொறு. அப்புறம் உன் இஷ்டம்" என்கிறார். போன மாதம், "எங்களைத் தலைமுழுகப் போறியா?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

சபையிலோ, வரும் ஈஸ்டருக்குள் எடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் கீழ்ப்படியாதவன் என்கிறார்கள். கூட ஜெபிக்கிற ஒருவர், யாருக்கும் தெரியாமல் வேறு ஊரில் எடுத்துவிட்டு வா என்கிறார். மனதில் விசுவாசம் இருந்தால் போதாதா அண்ணே? தண்ணீரில் என்ன இருக்கிறது? பர்மிய வருடப்பிறப்பான திஞ்ஞான் வந்தால் ஊரே ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறது.

பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்துக்கு உடனே எழுத முடியவில்லை. மூன்று நாள் மேசைமேலேயே இருந்தது. உங்கள் அம்மா சொன்ன ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

தலைமுழுகுவது என்ற சொல்லுக்குத் தமிழில் எவ்வளவு கனம் என்பது சபையில் பேசுகிற பலருக்கு உறைப்பதில்லை. சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகுகிறோம். ஒரு உறவு இனி வேண்டவே வேண்டாம் என்றால், "அவனைத் தலைமுழுகியாச்சு" என்கிறோம். செத்தவருக்காகச் செய்வதை உயிரோடு இருப்பவருக்குச் செய்துவிடுவது அது. மகன் தண்ணீரில் இறங்கி முழுகி எழப்போகிறான் என்றதும் உங்கள் அம்மாவின் காதில் விழுந்தது அந்தப் பொருள்தான். அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று நான் சொல்லமாட்டேன். பாதியைச் சரியாகவே பிடித்துவிட்டார். ஞானஸ்நானம் சாவோடு சேர்ந்த முழுக்குத்தான். செத்தது யார் என்பதில்தான் அவருக்குக் குழப்பம்.

பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஞானஸ்நானத்தினாலே கிறிஸ்துவுடனேகூட அடக்கம்பண்ணப்பட்டோம் என்கிறார். அடக்கம் என்ற சொல்லைத்தான் போடுகிறார். அடக்கமாகிறவர் நீங்கள். உங்கள் பழைய கோபம், பழைய பயம், உங்களுக்காகவே நீங்கள் வாழ்ந்த வாழ்வு, இவை தண்ணீருக்குள் போகின்றன. கிறிஸ்து எழுந்ததுபோல நீங்கள் எழுகிறீர்கள். உங்களைப் பெற்றவள் அந்தக் குழிக்குள் இல்லை. கரையில் இருக்கிறாள், அல்லது இருக்க வேண்டும்.

திஞ்ஞான் தண்ணீரைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கும் திஞ்ஞான் பிடிக்கும். போன வருடத்து அழுக்கு போகட்டும் என்று ஊற்றுகிறார்கள். அடுத்த ஏப்ரலில் மறுபடி ஊற்ற வேண்டும். அழுக்கு மறுபடி சேருமே. ஞானஸ்நானம் ஒரே முறை. ஒருவன் ஒருமுறைதான் அடக்கமாகிறான். பேதுருவும் தன் முதல் நிருபத்தில், இது மாம்ச அழுக்கை நீக்குவது இல்லை, தேவனைப்பற்றும் நல்மனச்சாட்சியின் உடன்படிக்கை என்கிறார்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஆடிப்பெருக்குக்கு ஆற்றுக்குப் போனால் நாமே முழுகி நாமே எழுகிறோம். ஞானஸ்நானத்தை ஒருவன் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள முடியாது. இன்னொருவர் கையில் உடம்பை விட்டுவிட வேண்டும். அவர் சாய்க்கும்போது சாய வேண்டும், தூக்கும்போது எழ வேண்டும். கீழ்ப்படிதல் என்று சபையில் சொல்வதெல்லாம் அந்த இரண்டு மூன்று நொடியில் உடம்புக்கே தெரிந்துவிடும். இயேசுவே அப்படித்தான் நின்றார். பாவமில்லாதவர், கலிலேயாவிலிருந்து யோர்தானுக்கு நடந்து வந்து யோவானிடம் கேட்கிறார். யோவான் தடுக்கிறார். "இப்பொழுது இடங்கொடு" என்கிறார் இயேசு. "போதாதா?" என்று கேட்க அவரைவிட உரிமை உள்ளவர் யார்? அவர் கேட்கவில்லை.

சரி, விசுவாசம் மட்டும் போதாதா என்ற உங்கள் கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இரட்சிப்புக்குத் தண்ணீர்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு இறங்க ஆறு இல்லை, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு கிடைத்தது. ஆனால் அவனுக்கு இறங்க வழி இல்லை, உங்களுக்கு இருக்கிறது. ரோம அதிகாரி கொர்நேலியு வீட்டில் பரிசுத்த ஆவி முதலில் வந்துவிட்டார். அதற்குப் பிறகும் பேதுரு தண்ணீரைத்தான் கேட்டார். ஆவியே வந்தாயிற்று, இனி இது எதற்கு என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பிடித்தவர் ஒன்றைச் செய்யச் சொன்னால், அது போதுமா போதாதா என்று நாம் அளந்து பார்ப்பதில்லை, செய்கிறோம். குழந்தைக்குக் கொடுக்கலாமா, தெளித்தால் செல்லுமா என்ற வழக்கையெல்லாம் இப்போது திறக்கவில்லை. உங்களுக்கு அது தேவையில்லை.

என் கதையைச் சொல்கிறேன். இதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

மோல்மீனில் எனக்கு 22 வயதில் ஞானஸ்நானம். இங்கே தான்லுவின் ஆற்றில் கடல் ஏற்றம் வந்தால்தான் இறங்க முடியும், வற்றினால் முழங்கால்வரை சேறு. அன்று ஏற்றம் விடியற்காலையில். எனக்கு அது வசதியாகப் போயிற்று. நண்பனோடு குளிக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இடுப்பளவுத் தண்ணீரில் கைலிக்குள் காற்றுப் புகுந்து குடைபோல மேலே உப்பிக்கொண்டது. சயா, அதாவது போதகர், அதை ஒரு கையால் அமுக்கிவிட்டு, மடித்த கைக்குட்டையை என் மூக்கில் வைத்து, பிடரியில் மறு கையைக் கொடுத்துச் சாய்த்தார். காதுக்குள் தண்ணீர் புகுந்ததும் கரையில் பாடிய பாட்டு நின்றுவிட்டது. எழுந்ததும் அதே வரி மறுபடி கேட்டது. அந்த இடைவெளியை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

வீட்டுக்கு வந்து ஈரக் கைலியைக் கொடியில் போட்டேன். குளித்துவிட்டு வந்ததாகவே சொன்னேன். நாலாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா மூலம் அம்மாவுக்குத் தெரிந்தது. அம்மா என்னைத் திட்டவில்லை. சாப்பாடு போட்டார், பேசவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் பேசவில்லை. பிறகு ஒரு ராத்திரி, அரிசி களைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீ முழுகினதுகூடப் பரவாயில்லடா. சொல்லாம முழுகினியே."

நல்மனச்சாட்சியின் உடன்படிக்கை என்று மேலே எழுதினேன் இல்லையா? அந்த உடன்படிக்கை பண்ணிய அன்றைக்கே, அதே ஈரத் தலையோடு, பெற்றவளிடம் பொய் சொன்னேன். ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நாளை நான் கெடுத்துக்கொண்டேன். என் அம்மாவுக்கும் கெடுத்தேன். ஆகவே வேறு ஊரில் போய் ரகசியமாக எடுத்துவிட்டு வா என்று உங்களிடம் சொன்னவரின் பேச்சைக் கேட்காதீர்கள். இதை மன்றாடிச் சொல்கிறேன்.

அப்படியானால் ஊரைக் கூட்டி மேளம் கொட்டித்தான் எடுக்க வேண்டுமா? இல்லை. இதற்கு நம் ஊரிலேயே பழைய சம்பவம் ஒன்று இருக்கிறது.

பர்மாவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனை உங்களுக்குத் தெரியும். அவர் வாழ்க்கையையே ஞானஸ்நானம்தான் திருப்பியது. 1812 பிப்ரவரியில் மாசசூசெட்ஸின் சேலம் துறைமுகத்திலிருந்து மனைவி ஆனோடு கப்பல் ஏறியபோது அவர், விசுவாசிக்கிறவரைத் தண்ணீரில் முழுக்கும் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர் இல்லை. அப்பாவே சபைப் போதகர், குழந்தைக்குத் தண்ணீர் தெளிக்கும் சபை. கப்பலில் வேதத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்தவருக்கு ஞானஸ்நானத்துக்கான கிரேக்கச் சொல் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. முக்குவது, மூழ்கடிப்பது என்று பொருள். கப்பல் மூழ்குவதற்கும் கிரேக்கர்கள் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். ஆன் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. கடைசியில் இருவரும் 1812 செப்டம்பரில் கல்கத்தாவில் முழுக்கு எடுத்தார்கள். அவர்களை அனுப்பிய சங்கம் வேறு சபையாருடையது. அந்த ஆதரவை விட்டுவிட வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் ஜூலையில் ரங்கூன் வந்து சேர்ந்தார்கள். இன்றைக்கும் பர்மியில் பாப்டிஸ்ட் சபைக்கு முழுக்குச் சபை என்று பொருள்படும் பெயர்தான்.

ஆறு வருடம் ஒருவர்கூட வரவில்லை. 1819 ஜூன் 27ஆம் தேதிதான் முதல் பர்மியருக்கு, மவுங் நௌவுக்கு, ஞானஸ்நானம். கூலி வேலை செய்து பிழைத்த ஏழை மனிதர். பக்கத்தில் இருந்த ஒரு பெரிய குளத்தில் இறங்கினார்கள். கரையில் பிரம்மாண்டமான புத்தர் சிலை. அதன் பார்வையில்தான் அவர் முழுகி எழுந்தார்.

நான் சொல்ல வந்தது அவரையல்ல, அடுத்த இரண்டு பேரை. மவுங் ப்யா, மவுங் தாலா. அந்த வருடம் புதிய ராஜா பட்டத்துக்கு வந்திருந்தார், எல்லாருக்கும் பயம். இந்த இருவரும் ஜட்சனிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: அடியோடு ரகசியமாக வேண்டாம், ஆனால் பொழுது சாயும் நேரத்தில், கூட்டத்தின் கண்ணில் படாமல் கொடுங்கள். ஜட்சன் உடனே சரி என்று சொல்லவில்லை. மணிக்கணக்கில் பேசினார்கள். அதிகாரிகள் முன் நிறுத்தினால் இயேசுவை மறுதலிப்பீர்களா என்பதுதான் விஷயம். மறுதலிக்க எங்களால் முடியாது என்றார்கள். வீண் ஆபத்தைத் தவிர்க்கத்தான் கேட்கிறார்கள், விசுவாசத்தை விட்டுவிடும் பயம் இல்லை என்று ஜட்சனுக்குத் தெளிவாயிற்று. 1819 நவம்பர் 7, சூரியன் இறங்கும் நேரம் ஞானஸ்நானம் நடந்தது. பாட்டுக்கூட இல்லை, கரையில் ஒரே அமைதி என்று அவர் எழுதிவைத்திருக்கிறார்.

பவுலைக் காவல்காத்த பிலிப்பி சிறைச்சாலைக்காரனும் நடு ராத்திரியில்தானே எடுத்தான்? இருட்டு தப்பில்லை. உங்களிடம் யாராவது கேட்டால் ஆம் என்று சொல்வீர்களா என்பதுதான் முக்கியம். மவுங் தாலா சொல்லியிருப்பார். 22 வயதில் நான் சொல்லவில்லை.

இனி உங்கள் அம்மாவிடம் போவோம். நான் செத்த பிறகு எடுத்துக்கொள் என்கிறார். நீங்களும் ஒன்பது வருடமாக அதற்கு ஒப்புக்கொண்டதுபோல இருக்கிறீர்கள். தம்பி, அது மரியாதையாகத் தெரியலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அம்மா சாகும் நாளுக்காகக் காத்திருக்கிற மகனாக அது உங்களை ஆக்கிவிடும். உங்கள் ஆத்துமா செய்ய விரும்புகிற ஒரு காரியம் அவருடைய சாவில்தான் தொடங்கும் என்றால், அந்தச் சாவை நீங்கள் எந்த முகத்தோடு பார்ப்பீர்கள்? இதை அவரிடமே சொல்லலாம். "உன் சாவுக்காக நான் காத்திருக்க மாட்டேன்மா" என்று சொல்லுங்கள். அம்மாக்களுக்கு இது புரியும்.

கொள்ளி விஷயத்தை மழுப்பாதீர்கள். மந்திரத்தோடு சடங்கு செய்ய உங்கள் மனசாட்சி ஒத்துக்கொள்ளாது என்றால் இப்போதே சொல்லுங்கள், தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. சடங்கில் தம்பி முன்னால் நிற்கட்டும். பாடை தூக்க உங்கள் தோள் இருக்கும், கடைசிவரை மருந்தும் கஞ்சியும் கொடுக்க உங்கள் கை இருக்கும். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்பதும் கட்டளைதான். ஞானஸ்நானம் எடுத்தவனுக்கு அது கூடுமே தவிரக் குறையாது. இதை நீங்கள் வாயால் சொன்னால் போதாது, அடுத்த பத்து வருடம் அவர் பார்க்க வேண்டும்.

சபையார் ஈஸ்டர் என்று கெடு வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. எத்தியோப்பிய மந்திரி, "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று தானே கேட்டான், பிலிப்பு நாள் குறித்துத் துரத்தவில்லை. அதே சமயம், அவன் போன வழியிலேயே இறங்கிவிட்டான் என்பதையும் பாருங்கள். ஒன்பது வருடம் நீளம்தான்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்த நாட்டில் 2015இல் மதமாற்றச் சட்டம் ஒன்று வந்தது. மதம் மாறுகிறவர் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், டவுன்ஷிப் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது. ஞானஸ்நானம் அலுவலகக் காரியம் இல்லை, ஆனாலும் சட்டம் தெரிந்த ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள். உங்களுக்கும் சபைக்கும் பின்னால் தொல்லை வரக் கூடாது.

அம்மாவிடம் முதலில் பேசுங்கள். ஒரு முறையில் முடியாது, நாலைந்து முறை ஆகும், அழுவார், நீங்களும் அழுவீர்கள். பிறகு சயாவிடம் போய், ஈஸ்டரோ இல்லையோ, ஒரு நாள் கேளுங்கள். நாள் தெரிந்ததும் அம்மாவிடம் தேதியைச் சொல்லுங்கள், இடத்தையும் சொல்லுங்கள். வரச்சொல்லிக் கூப்பிடுங்கள். வராவிட்டாலும் வருத்தப்படாதீர்கள். கைலியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், காற்று புகும். கிளம்பும்போது மாற்றுக் கைலியையும் துண்டையும் அம்மாவிடமே கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

உங்களுக்காகவும் அம்மாவுக்காகவும் ஜெபிக்கிறேன். நாள் குறித்ததும் எழுதுங்கள், மோல்மீனிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவேன்.

அன்புடன்,
அண்ணன்