ரிமோட் வாங்குமுன் மெனுவைப் பாருங்கள்

கேள்வி: டிவி, செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார் என்று மூன்று ரிமோட் சேர்ந்துவிட்டது. யுனிவர்சல் ரிமோட் ஒன்று வாங்கலாமா? (அம்பத்தூர்)

பதில்: முதலில் டிவியின் செட்டிங்ஸுக்குள் போங்கள். எச்டிஎம்ஐ கேபிள் படத்தோடும் ஒலியோடும் நிற்பதில்லை. ஆன், ஆஃப், சத்தம் போன்ற கட்டளைகளையும் கொண்டுபோகும். சிஇசி என்று பெயர். ஆனால் கம்பெனிக்காரர்கள் அந்தப் பெயரைச் சொன்னால்தானே! சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். ஆளுக்கொரு பெயர் வைத்து மெனுவின் அடியில் புதைத்துவிடுகிறார்கள். பல மாடல்களில் அணைத்தும் வைத்திருப்பார்கள். மாட்ட வருகிறவரோ சுவரில் நாலு ஸ்க்ரூ முடுக்கிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறார். காசு கொடுத்த வசதியை நாமே தோண்டி எடுக்க வேண்டியிருப்பது எனக்குத் தீராத எரிச்சல்.

அந்த சிஇசியை ஆன் செய்து, சவுண்ட்பாரை ஏஆர்சி (டிவியின் ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் வழி) என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ போர்ட்டில் சொருகுங்கள். டிவி ரிமோட்டே சவுண்ட்பாரின் சத்தத்தையும் பார்த்துக்கொள்ளும். ஒரு ரிமோட் குறைந்தது. அப்புறம், பல டிடிஎச் ரிமோட்களில் டிவிக்கென்றே சில பட்டன்கள் உண்டு. டிவி ரிமோட்டை எதிரே வைத்து, அதன் சிக்னலை அந்தப் பட்டன்களுக்குக் கற்றுக்கொடுத்தால் இன்னொன்றும் குறையும். செலவு ஒன்றுமில்லை.

கேள்வி: ஃபயர் டிவி ஸ்டிக்குக்கு 250 ரூபாயில் யுனிவர்சல் ரிமோட் வாங்கினேன். அசையவே இல்லை. (திருச்சி)

பதில்: அசையாது. நீங்கள் வாங்கியது அகச்சிவப்புக் கதிர் ரிமோட். ஸ்டிக் கேட்பது புளூடூத். இதை அட்டையில் படித்திருக்கலாம். போனில் ஃபயர் டிவி ஆப் இலவசம், அதை வைத்துச் சமாளியுங்கள்.

கேள்வி: போனிலிருந்தே எல்லாவற்றையும் இயக்கும் ஸ்மார்ட் ரிமோட் ஹப் வாங்கலாமா? (கோவை)

பதில்: வேண்டாம். என்னிடம் ஒன்று தூங்குகிறது. நெட் போனால் அதுவும் போய்விடும். இந்த வகையில் பேர்பெற்ற ஹார்மனி ரிமோட்டையே லாஜிடெக் 2021-இல் நிறுத்திவிட்டது.

கேள்வி: தனியாக இருக்கும் என் அம்மாவிடம் 'எல்லா டிவிக்கும் ஒத்துவரும்' என்று ரிமோட் விற்றார்கள். அவர் டிவிக்கு வேலை செய்யவில்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லைக் காட்டுகிறார் கடைக்காரர். (நாகர்கோவில்)

பதில்: அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. பொய் சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். திரும்ப எடுக்கப் பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், 30 நாள்தான் கெடு. பில்லில் அச்சடித்த ஒரு வரி சட்டத்தை மீறிவிடாது. கடையில் இதைச் சொல்லுங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகார் கொடுங்கள். தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள். கடைக்காரர் நம்பியிருப்பதே அதைத்தான். பணம் வந்ததும் பழைய ரிமோட்டைக் கையோடு கொண்டுபோய் அதே மாடலுக்கான டூப்ளிகேட்டை வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: ரிமோட் திடீரென்று செத்துவிட்டது. புதிது 600 ரூபாயாம். வாங்கட்டுமா? (சேலம்)

பதில்: பேட்டரி மாற்றினீர்களா? மாற்றியும் சரிவராவிட்டால், போனின் செல்ஃபி கேமரா முன் ரிமோட்டைக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். முனையில் வெளிச்சம் மினுங்கினால் ரிமோட் நன்றாக இருக்கிறது, கோளாறு டிவியில் இருக்கிறதா என்று பாருங்கள்.