கம்ப்யூட்டர் சொன்ன இடத்தில் வீடு முளைக்குமா? கேள்வி பதில்

ஊர் எப்படி வளரும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது, அதாவது சிமுலேஷன், என் பிழைப்பு. காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனதிலிருந்து, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதுகூட "இனி எந்தப் பக்கம் வளரும்?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் பிளாட் வாங்க, மீதிப் பேர் விற்க. சரி, எழுதி அனுப்புங்கள் என்றேன். வந்தவற்றில் சில:

அண்ணே, சிமுலேஷன் என்பது கிளி ஜோசியம் மாதிரிதானே? (காரைக்குடி, கல்லூரி மாணவர்)

கிளியாவது ஒரு சீட்டோடு நிறுத்திக்கொள்ளும் தம்பி, இது நூறு சீட்டு எடுக்கும். ஊரை 30 மீட்டர் சதுரக் கட்டங்களாக வெட்டிக்கொள்கிறோம். ஒவ்வொரு கட்டமும் தன் பக்கத்துக் கட்டங்களைப் பார்க்கிறது: அங்கே வீடு வந்துவிட்டதா, ரோடு எவ்வளவு தூரம், கட்டக்கூடாத இடமா. அதை வைத்து இந்த வருடம் நானும் வீடாகலாமா என்று முடிவு செய்கிறது, கொஞ்சம் பகடையும் உருட்டித்தான். இப்படி வருடம் வருடமாக 2040 வரை நகர்த்தி, மறுபடி முதலிலிருந்து ஓட்டுவோம். நூறு ஓட்டத்தில் எண்பது தடவை வீடாகும் கட்டம் படத்தில் அடர்த்தியாகத் தெரியும். அவ்வளவுதான்.

இது புதிதும் இல்லை. வால்டோ டோப்ளர் என்ற புவியியலாளர் 1970-லேயே டெட்ராய்ட் நகர வளர்ச்சியைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் படமாகக் காட்டினார். எல்லாவற்றுக்கும் எல்லாவற்றோடும் தொடர்புண்டு, பக்கத்தில் இருப்பதற்குக் கூடுதல் தொடர்பு என்ற அவருடைய விதி அந்தக் கட்டுரையில் வந்ததுதான். நம் ஊர் புரோக்கர்கள் அதை "பக்கத்து பிளாட்ல பேஸ்மென்ட் போட்டாச்சு சார்" என்று சொல்வார்கள்.

எந்த மென்பொருள், என்ன செலவு? (தேவகோட்டை, சிவில் இன்ஜினியர்)

மென்பொருளுக்குச் செலவே இல்லை சார். வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் இலவசம், அதில் மொலஸ்க் என்ற செருகுநிரல் இந்த வேலைக்கென்றே இருக்கிறது. ஸ்லூத் என்ற நகர வளர்ச்சி மாதிரியும் (மாடல்) இலவசம்தான். சரிவு, நிலப்பயன்பாடு, விலக்கு (கட்டக்கூடாத இடம்), நகரப் பரப்பு, போக்குவரத்து, மலைநிழல் ஆகிய ஆறு படங்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். அதற்குக் குறைந்தது நான்கு காலகட்டத்து நகரப் படங்கள் வேண்டும். லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972-லிருந்து எடுத்து வருகிறது, 2008 முதல் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

செலவு உங்கள் நேரம்தான். கோடையில் எடுத்த படத்தை நம்பாதீர்கள். நம் செம்மண் பொட்டலும், வற்றிய கண்மாயும், ஓட்டுக்கூரையும் செயற்கைக்கோளுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். முதல் தடவை மே மாதப் படத்தை வைத்து நான் ஓட்டியபோது ஒரு கண்மாயே குடியிருப்பாகிவிட்டது. வடகிழக்குப் பருவமழை முடிந்து தரை பச்சையாக இருக்கும் மாதத்துப் படமாக எடுங்கள்.

அர்பன்சிம் மாதிரி ஒவ்வொரு குடும்பமும் எங்கே குடிபோகும் என்று பார்க்கும் பெரிய மாதிரிகளும் உண்டு. அவற்றுக்குத் தீனி போட நம்மிடம் தரவு கிடையாது. கையில் இருக்கும் கணக்கெடுப்பே 2011-ல் எடுத்தது.

தம்பி, எங்கள் தெருவில் இருபது வீடு, விளக்கு எரிவது மூன்றில். உங்கள் கம்ப்யூட்டருக்கு அது தெரியுமா? (பள்ளத்தூர், ஓர் ஆச்சி)

தெரியாது ஆச்சி. வந்த கேள்விகளிலேயே இதுதான் எனக்குப் பிடித்தது. மேலிருந்து பார்த்தால் உங்கள் தெரு நிறைந்து வழிகிற தெரு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடியும் வீடு ஒவ்வொன்றும் சில கட்டங்களை அடைத்துக்கொள்ளும். இவ்வளவு கட்டடம் என்றால் இவ்வளவு ஜனம், இவ்வளவு தண்ணீர், இவ்வளவு வண்டி என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுவிடும். வீடு பூட்டிக் கிடக்கிறது, படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் திறக்கிறார்கள், விற்கலாம் என்றால் முப்பது பங்காளி கையெழுத்து வேண்டும், அதில் ஒருவர் மலேசியாவில், இதெல்லாம் எந்தக் கட்டத்திலும் எழுதப்படவில்லை.

அதனால் ஜனத்தொகையைக் கட்டடப் பரப்பை வைத்துப் பிரிப்பதை நான் விட்டுவிட்டேன். மின் இணைப்பு உபயோகம் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருத் தெருவாக நடந்து விளக்கை எண்ண வேண்டியதுதான். பழைய தெருக்களை இடிக்காமல் காப்பதாக வைத்து ஓட்டவும் வழி உண்டு. ஸ்லூத்தின் விலக்குப் படத்தில் 100 போட்டால் கைவைக்கக் கூடாது, 50 போட்டால் பாதித் தடை. செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் பட்டியலில் இருப்பதாலேயே கம்ப்யூட்டர் அந்தத் தெருவை விட்டுவைக்காது, நாம்தான் எண்ணைப் போட வேண்டும்.

புறவழிச்சாலைப் பக்கம் எந்த சர்வே நம்பர் ஏறும் சார்? (பெயர் வேண்டாம் என்றார்)

சொல்ல மாட்டேன், சொல்லவும் முடியாது. தனி மனையைச் சொல்கிற கருவி இல்லை இது. அதுவும் தவிர, விதி மாறினால் பழைய போக்கு அப்படியே உடையும். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியத் தடை போட்டது, 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. அதற்கு முந்தைய வளர்ச்சியை மட்டும் பார்த்துப் பழகிய மாதிரிக்கு இது எப்படித் தெரியும்?

மேலே பிளாட் போட்டால் எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கூடுமா, குறையுமா? (கோட்டையூர் பக்கம், விவசாயி)

இரண்டும் நடக்கும் ஐயா. ஒரு ஏக்கரில் 100 மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் நான்கு லட்சம் லிட்டர். செம்மண் அதில் நல்ல பங்கைக் குடித்துவிட்டு மீதியை மெதுவாக விடும். சிமென்டும் தாருமானால் குடிக்காமல் கிட்டத்தட்ட முழுவதையும் ஒரே மூச்சில் தள்ளிவிடும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் சரியாக இருந்தால் அந்த வெள்ளம் உங்கள் கண்மாய்க்கு வந்து, கொள்ளாமல் கலுங்கு ஏறிப் போகும். வரத்துக்காலை அடைத்து ரோடு போட்டிருந்தால் பிளாட்டுக்காரர் வீட்டுக்குள் தண்ணீர், உங்கள் கண்மாயில் தூசி. இதை அளந்து பார்க்க எஸ்டபிள்யூஎம்எம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் இலவச மென்பொருள் இருக்கிறது, 1971-லிருந்து.

ஆனால் ஒரு தப்பை நானே செய்தேன், சொல்லிவிடுகிறேன். ஓர் ஊருக்கு ஓட்டியபோது கண்மாய்களையெல்லாம் கவனமாக விலக்கு என்று குறித்தேன், வரத்துக்காலை விட்டுவிட்டேன். ஆறேழு அடி அகலக் கால் 30 மீட்டர் கட்டத்தில் எங்கே தெரியும்? கம்ப்யூட்டர் அதன் மேலேயே வரிசையாக வீடு கட்டிவிட்டது. படத்தைக் காட்டினேன், ஒரு பெரியவர் கண்ணாடியைக் கூடப் போடாமல், "தம்பி, இங்கே வீடு கட்டினால் தண்ணீர் உங்க வீட்டுக்கா வரும்?" என்றார். சரிவுப் படத்தைப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். இலவச உயரப் படங்களில் சில மீட்டர் பிழை சாதாரணம், நம் தரையிலோ அரை மீட்டர் சரிவுதான் தண்ணீர் எந்தக் கண்மாய்க்கு என்று முடிவு செய்கிறது.

ஓர் ஆய்வில் 95 சதவீதம் துல்லியம் என்று போட்டிருந்தார்கள். நம்பலாமா? (காரைக்குடி, ஆசிரியை)

நூறு கட்டத்தில் பத்து வருடத்தில் மாறியது ஐந்துதான் என்று வையுங்கள் டீச்சர். "எதுவும் மாறாது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 95 மார்க்! மாறிய ஐந்தில் எத்தனையைப் பிடித்தது, மாறாததில் எத்தனையை மாறியதாகச் சொன்னது என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சை மாற்றுவார்கள்.

அப்படியானால் மாஸ்டர் பிளானுக்கு இதனால் என்ன பயன்? (வார்டு பிரமுகர் ஒருவர்)

ஒரே படத்தைக் காட்டி "இதுதான் 2040" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மூன்று ஓட்டம் கேளுங்கள்: இப்படியே விட்டால், புது ரோடு போட்டால், வரத்துக்கால்களையும் ஊருணிகளையும் காத்தால். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எங்கே வேறுபடுகின்றன என்று தெரியும், சண்டை போட வேண்டியது அந்த இடத்துக்கு மட்டும்தான். 1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி மாஸ்டர் பிளான் வரைவுக்கு மக்கள் ஆட்சேபணை தரலாம். வெறும் கையோடு போவதற்குப் பதில் இந்தப் படங்களோடு போனால் பேச்சில் பிடி இருக்கும்.

எங்கள் ஊருக்கு நானே செய்ய ஆசை. எங்கே ஆரம்பிப்பது? (கானாடுகாத்தான், பிளஸ் டூ முடித்தவர்)

கம்ப்யூட்டரைத் திறக்காதே. கிராம வரைபடமும் எஃப்எம்பி (புலப்படம்) நகலும் வாங்கிக்கொள், மடை திறக்கிறவரைக் கூட்டிக்கொண்டு ஒரு கண்மாயின் வரத்துக்காலை முழுக்க நடந்து, போனில் ஜிபிஎஸ் போட்டுக் குறித்துக்கொண்டு வா. நல்ல செருப்பாகப் போட்டுக்கொள், பாதி வரத்துக்கால் சீமைக்கருவேல் முள்ளாகத்தான் கிடக்கும்.