பழைய எம்பிவியில் ஏர்கான் தொல்லை: கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓடும் எம்பிவிகளை, அதாவது ஆறேழு பேர் அமரும் குடும்ப வண்டிகளைப் பற்றியவை. கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கோளாறு எப்போது வருகிறது என்பதையும் எழுதுங்கள். பாதி விடை அதில்தான் இருக்கும்.

ஈசூன் வாசகர்: அண்ணே, 2009 டொயோட்டா விஷ். பிஐஇ விரைவுச்சாலையில் ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது. டிராஃபிக் லைட்டில் நின்றால் சூடான காற்று. பட்டறையில் கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறார்கள்.

உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. ஓடும்போது குளிர்கிறதென்றால், கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசர் வேலை செய்கிறது. முன்னால் இருக்கும் கண்டென்சர் சூட்டை வெளியே விட காற்று வேண்டும். வண்டி ஓடினால் காற்று தானாக வரும். நின்றால் விசிறிதான் தர வேண்டும். ஏர்கானைப் போட்டு பானட்டைத் திறந்து, விசிறி வேகமாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். கண்டென்சரில் தூசி அடைந்திருந்தால் மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் ஜெட் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் கேஜ் போட்டு அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த கம்ப்ரசரும் வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது இப்படிச் செய்யலாம், ஆனால் அது கடைசிச் சந்தேகம்.

பிடோக் வாசகி: மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஏர்கான் கேஸ் நிரப்புகிறேன். பழைய வண்டிக்கு இது சாதாரணம்தானே?

இல்லை அக்கா. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை, மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். இவ்வளவு சீக்கிரம் குறைகிறதென்றால் கசிவுதான். கேஸோடு எண்ணெயும் வெளியேறும். எண்ணெய் குறைந்தால் கம்ப்ரசர் இறுகிப்போகும். அப்போது உடைந்த உலோகத் துகள் குழாய் முழுக்கப் பரவி, செலவு பல மடங்காகும். இந்த வண்டிகளில் இருக்கும் ஆர்134ஏ கேஸ் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது என்பதையும் நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கசிவைப் பார்க்காமல் டாப்அப் மட்டும் செய்யும் கடைக்குப் போகாதீர்கள். நைட்ரஜன் அழுத்தச் சோதனையோ யூவி சாயமோ கேளுங்கள். ஓ-ரிங், கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல், கூலிங் காயில் ஆகியவை வழக்கமாகக் கசியும் இடங்கள்.

செங்காங்: டொயோட்டா எஸ்டிமா. முன்னால் ஜில்லென்று இருக்கிறது, பின்னால் பிள்ளைகள் வேர்த்துக் கொட்டுகிறார்கள்.

பின்பக்கத்துக்குத் தனிக் கூலிங் காயில், அதற்குள் கேஸை அளந்து விடும் தனி எக்ஸ்பான்ஷன் வால்வு உண்டு. காற்றே வரவில்லையா, சூடாக வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் காற்றைத் தள்ளும் பின் புளோவரில் கோளாறு. சூடாக வந்தால் முதலில் கேஸ் அளவைப் பார்த்துவிட்டு, அப்புறம் வால்வு.

ஜூரோங்: முன் பயணி காலடியில் கார்பெட் நனைகிறது.

விரலால் தொட்டுப் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. ஏர்கான் ஓடும் வண்டியின் அடியில் சொட்ட வேண்டிய நீர் உள்ளே வருகிறது. சுத்தம் செய்தால் போதும். பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால் அது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். ஜப்பானிலிருந்து வந்த பல வண்டிகளில் ஹீட்டர் கோர் (சூடான கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர்) இருக்கும், நாம் ஹீட்டரைத் தொடாவிட்டாலும் அது கசியலாம். தள்ளிப்போடாதீர்கள், இன்ஜின் சூடேறிவிடும்.

உட்லண்ட்ஸ்: ஜொகூர் காஸ்வே நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது.

ஏர்கானை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து, ஜன்னலை இறக்குங்கள். இன்ஜின் சூடு கொஞ்சம் உள்ளே இழுக்கப்படும். முள் இறங்கவில்லை என்றால் ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள், கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். விசிறி, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மூன்றையும் பார்க்காமல் கெந்திங் மலை ஏற வேண்டாம்.

தெம்பனிஸ்: புளோவர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடுகிறது.

புளோவர் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போயிருக்கும். மாற்றும்போது புளோவர் மோட்டார் இறுக்கமில்லாமல் லேசாகச் சுற்றுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புதியதும் எரிந்துபோகும்.