வாசகர் கேள்வி – பதில்: ஒல்லாந்தில் ஒரு செம்மஞ்சள் நாள்

ஏப்ரல் கடைசியில் நெதர்லாந்திலுள்ள பிள்ளைகளிடம் போக ஆயத்தமாகும் வாசகர்கள் சிலர், அங்கு மன்னரின் பிறந்தநாளையொட்டி நடக்கும் மன்னர் நாள் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தருகிறோம்.

மகள் ஏப்ரல் 27 என்கிறாள். அங்கு முன்பு இருந்து வந்த மைத்துனர் 30 என்று அடித்துச் சொல்கிறார். எது சரி?
– கொக்குவில் வாசகர்

மகள் சொல்வதுதான் சரி. மைத்துனரும் பொய் சொல்லவில்லை, அவருடைய கணக்கு 2013 உடன் நின்றுவிட்டது. முதலில் இது இளவரசி வில்ஹெல்மினாவின் ஐந்தாவது பிறந்தநாளாக 1885 ஓகஸ்ட் 31 அன்று தொடங்கியது. 1949 முதல் அரசி யூலியானாவின் பிறந்தநாளான ஏப்ரல் 30க்கு மாறியது. அவருக்குப் பின் அரசியான மகள் பெயாத்ரிக்ஸ் பிறந்தது ஜனவரி 31. அந்தக் குளிரில் தெருக் கொண்டாட்டம் எடுபடாது, அவரும் தாயின் நாளையே வைத்துக்கொண்டார். 2013இல் பெயாத்ரிக்ஸின் மகன் வில்லெம் அலெக்சாண்டர் மன்னரானார். அவர் பிறந்தது 1967 ஏப்ரல் 27, அதனால் 2014 முதல் 27.

27ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமையாக வந்தால் விழா முதல்நாள் சனிக்கிழமைக்குப் போய்விடும். 2025இல் அப்படித்தான் 26ஆம் திகதி நடந்தது. அடுத்து 2031இலும் அப்படியே வரும். ரிக்கற் போட முன் நாட்காட்டியில் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் எல்லோரும் செம்மஞ்சள் உடுக்கிறார்கள்? தோடம்பழத்துக்கும் அந்த நாட்டுக்கும் என்ன சம்பந்தம்?
– நல்லூர் வாசகி

பழத்தோடு சம்பந்தமில்லை. அரச குடும்பத்தின் பெயர் ஒராஞ்ச-நாசாவ். இன்று தெற்குப் பிரான்சில் இருக்கும் ஒராஞ்ச் என்ற சிற்றரசின் பெயரிலிருந்து அது வந்தது. கொடி சிவப்பு, வெள்ளை, நீலம்தான். அன்றைக்கு அதன் மேலே நீளமான செம்மஞ்சள் நாடா ஒன்றைச் சேர்த்துப் பறக்கவிடுவார்கள். நீங்கள் புதிதாக எதுவும் வாங்கவேண்டாம், கனகாம்பர நிறச் சால்வை ஒன்று போதும். ஆனால் சேலைக்கு உள்ளே குளிருக்கு ஏதாவது போடுங்கள். ஏப்ரல் முடிவில் விடிய ஐந்தாறு பாகை, மத்தியானம் பதின்மூன்று பதினான்கு பாகை என்பது அங்கு வழக்கம், மழையும் சொல்லாமல் வரும். நெரிசலில் குடை அடுத்தவர் கண்ணில் குத்தும், தொப்பி வைத்த மழைக் கோட்டுத்தான் சரி.

தெருவெல்லாம் சந்தை என்கிறார்கள். என்ன வாங்கலாம், எப்படி வாங்குவது?
– சாவகச்சேரி வாசகர்

எங்களைக் கேட்டால் அந்த நாளின் உயிரே இந்தச் சந்தைதான். பாட்டுக் கச்சேரிகளையும் படகு ஊர்வலத்தையும் தொலைக்காட்சியில்கூடப் பார்க்கலாம். அங்கு இதற்கு ஃபிரைமார்க்ற், அதாவது சுதந்திரச் சந்தை என்று பெயர். வழமையில் தெருவில் விற்க நகரசபை அனுமதி வேண்டும். அன்றைக்கு மட்டும் சாதாரண வீட்டுக்காரர் தங்கள் பழைய சாமான்களை அனுமதியில்லாமல் விற்கலாம். நிலத்தில் ஒரு விரிப்பு, அதன் மேல் விளையாட்டுப் பொருள், புத்தகம், கோப்பை, சப்பாத்து, இசைத்தட்டு. பெரும்பாலும் முன்னால் இருப்பது பிள்ளைகள், பின்னால் கதிரையில் பெற்றோர்.

அம்ஸ்ரர்டாமில் விற்பனை விடிய 6 மணிக்குத் தொடங்கி இரவு 8 மணிக்கு முடியும். உத்ரெக்ற்றில் முதல்நாள் மாலை 6 மணிக்கே தொடங்கி, விடிய விடிய நடந்து, மறுநாள் மாலை 6 மணிக்கு முடிகிறது. இரவுக் கூட்டம் இளையோருடையது. பொருள் தேடுகிறவர்கள் மாலை ஆறு, ஏழு மணிக்கே ஒரு சுற்று வந்துவிடுவார்கள். நடைபாதையில் வெண்கட்டியாலோ ஒட்டு நாடாவாலோ சதுரம் போட்டு உள்ளே ‘பெசெற்’ என்று எழுதியிருந்தால், ‘இந்த இடம் பிடித்தாயிற்று’ என்று பொருள். அதன் மேல் போய் நிற்காதீர்கள்.

நல்ல சாமான் வேண்டுமென்றால் விடிய 7 மணிக்குப் போங்கள். மலிவு வேண்டுமென்றால் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு போங்கள், திரும்ப வீட்டுக்குச் சுமக்க ஒருவருக்கும் விருப்பம் இராது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. பேரம் பேசலாம், ஆனால் திருநெல்வேலிச் சந்தையில் போல மூன்றில் ஒரு பங்கிலிருந்து தொடங்கினால் முகம் சுளிப்பார்கள். 5 யூரோ என்றால் 3 கேட்டு 4க்கு முடிப்பது வழக்கம். ஏழு வயதுப் பிள்ளை 50 சதம் கேட்டால் கேட்டதைக் கொடுத்துவிடுங்கள்.

பலர் சறுக்குவது காசில்தான். உள்ளூர்ச் சனம் ‘டிக்கி’ என்ற செயலியின் கியூஆர் அட்டையைக் காட்டும், அதற்குப் பணம் செலுத்த அந்நாட்டு வங்கிக் கணக்கு வேண்டும். உங்கள் இலங்கைக் காட் இதற்கு உதவாது. 50 யூரோத் தாளை நீட்டினால் பிள்ளையிடம் மிச்சக்காசு இராது. முதல்நாளே 1, 2 யூரோக் குற்றிகளாக ஒரு 20 யூரோவும், 5 யூரோத் தாள் நாலைந்தும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரச் சாமான் வாங்குவதென்றால் ஒன்று: அங்கிருப்பது இரண்டு உருளை முனைப் பிளக், எங்கள் வீட்டுச் சுவரில் போகாது. இயங்குகிறதா என்று தெருவில் பார்க்கவும் வழியில்லை.

பேரப்பிள்ளையோடு போகிறோம். அவனுக்கு என்ன இருக்கிறது?
– மானிப்பாய் வாசகி

அம்ஸ்ரர்டாம் என்றால் ஃபொண்டல் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கு விற்பது பிள்ளைகளின் உரிமை, பெரியவர் கடை போடக்கூடாது. ஒருவன் வயலின் வாசிப்பான், ஒருத்தி ஐம்பது சதத்துக்குக் கேக் துண்டு விற்பாள், இன்னொருவன் தன் மேலேயே முட்டை எறியவிட்டுக் காசு வாங்குவான்.

விளையாட்டுகளில் மூன்று எங்கும் இருக்கும். ஒன்று, நூலில் தொங்கும் மசாலாக் கேக் துண்டைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் கவ்வுவது. அடுத்தது, இடுப்பில் கட்டிய நூலின் நுனியில் ஆணி தொங்கும், பின்புறமாகக் குந்திக்குந்தி அதைப் போத்தல் வாய்க்குள் இறக்கவேண்டும். நூல் ஆடினால் நுழையாது, ஆணி ஓயும்வரை பொறுத்து மெல்லக் குந்துவதே வழி. மூன்றாவது சூலென், கிட்டத்தட்ட இரண்டு மீற்றர் நீள மரப்பலகையில் 30 மர வட்டுகளைத் தள்ளுவது. எதிர்முனையில் 2, 3, 4, 1 என்று எண்ணிட்ட நாலு வாசல்கள். எல்லாரும் 4ஐத்தான் குறிவைப்பார்கள், அது பிழை. நாலு வாசலிலும் ஒவ்வொன்று போனால் அந்த நாலு வட்டுக்கும் சேர்த்து 10 அல்ல, 20 புள்ளி. கரம் பழகிய கைக்கு இது வெகு சுலபமாக வரும்.

தங்கை வீட்டு வாசலில் நான் உழுந்து வடை சுட்டு விற்கலாமா?
– உரும்பிராய் வாசகி

நல்ல யோசனைதான், ஆனால் வேண்டாம். சந்தைச் சலுகை பழைய சாமானுக்கானது. சாப்பாடு, குடிவகை, தெருவில் எரிவாயு அடுப்பு ஆகியவற்றுக்கு நகரசபைகள் தனித்தனி விதி வைத்திருக்கின்றன, பலவற்றில் அனுமதி வேண்டும். நீங்கள் போவது பார்வையாளர் விசாவில், வியாபாரம் அதில் அடங்காது. வடையைச் சுட்டு அயலவருக்குச் சும்மா கொடுங்கள், அன்றைக்கு எல்லா வாசலும் திறந்துதான் இருக்கும்.

அம்மாவுக்கு 71 வயது. நெரிசலும் ரயிலும் சமாளிக்க முடியுமா?
– கரவெட்டி வாசகர்

அம்ஸ்ரர்டாம் நடுப்பகுதிக்கு மத்தியானம் கூட்டிப்போகவேண்டாம். பாலங்களில் சனம் அடைத்து நின்றால் முன்னுக்கும் போகேலாது, பின்னுக்கும் வரேலாது. நல்லூர்த் தேரன்று மோட்டார் சைக்கிளை முத்திரைச் சந்தியில் விட்டுவிட்டு நடக்கிறோமே, அதே கணக்கு: உள்நகரில் ட்ராம் ஓடாது, நடைதான். அம்மாவுக்குச் சின்ன ஊர் ஒன்றின் காலைச் சந்தை போதும். மகள் இருக்கும் ஊரிலேயே அது இருக்கும், 11 மணிக்குள் வீடு திரும்பலாம்.

அம்ஸ்ரர்டாமே பார்க்கவேண்டுமென்றால் மத்திய நிலையத்தில் இறங்காமல் சுய்ட் நிலையத்தில் இறங்கி, அரை மணி நேரம் நடந்து ஃபொண்டல் பூங்காவுக்குப் போகலாம். அன்று ரயிலுக்குத் தனி நேர அட்டவணை உண்டு, முதல்நாள் இரவு பாருங்கள். ரயிலிலும் நிலையத்திலும் அன்று மதுவுக்குத் தடை. ரிக்கற்றுக்குப் பதிலாக வங்கிக் காட்டைப் பாவித்தால், ஏறும்போதும் இறங்கும்போதும் அதை வாயிலில் தொடவேண்டும். ஒரு காட்டில் ஒருவர்தான் போகலாம். இறங்கும்போது தொட மறந்தால் 20 யூரோ வெட்டப்படும். இலங்கைக் காட்டை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடும்படி வெளிக்கிட முன் வங்கியில் சொல்லுங்கள்.

அடுத்தது மலசலகூடம். ஆண்களுக்குத் தெருமூலையில் தற்காலிக வசதி வைப்பார்கள், பெண்களுக்குத்தான் கஷ்டம். சில வீட்டுக்காரர் கதவில் ‘டபிள்யூசி’ என்று எழுதி ஒன்றிரண்டு யூரோ வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள், தயங்காமல் போங்கள். கால்வாய் ஓரத்தில் ஒதுங்கும் ஆண்களுக்கு நூறு யூரோவுக்கு மேல் தண்டம். (கந்தோர், போஞ்சி போல, எங்கள் ஊரில் பழைய ஆட்கள் சொல்லும் ‘கக்கூசு’ம் ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்தான். அங்கு போய் அதை உரக்கச் சொல்லாதீர்கள், இன்றைக்கும் விளங்கும்.)

கூட்டத்தில் கைபேசி இணைப்பு அறுந்துபோகும். பிரிந்தால் எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று வெளிக்கிட முன்பே பேசி வையுங்கள். சிவந்த தார் போட்ட பாதை சைக்கிளுக்கு, அதில் நின்று படம் எடுக்கவேண்டாம்.

சைவக்காரர் தெருவில் என்ன சாப்பிடலாம்?
– சுன்னாகம் வாசகர்

அன்றைய விசேடப் பலகாரம் தொம்பூஸ். இரண்டு மொறுமொறுப்பான மாத்தகடுகளுக்கு நடுவே தடித்த கஸ்ரட், மேலே வழமையில் இளஞ்சிவப்புச் சீனிப்பாகு, அன்றைக்குச் செம்மஞ்சள். கடித்தால் கஸ்ரட் பக்கவாட்டில் பிதுங்கிச் சேட்டில் விழும். மேல்தகட்டைத் தனியே எடுத்துச் சாப்பிடுவது ஒரு வழி. பால் உண்டு, முட்டையும் ஜெலற்றினும் சேர்வதுண்டு, பெட்டியிலுள்ள எழுத்தைப் பிள்ளைகளிடம் வாசிக்கச் சொல்லுங்கள். குரொக்கெற், பிற்றர்பாலன் இரண்டும் பார்க்க எங்கள் கட்லற் மாதிரி, உள்ளே அநேகமாக மாட்டிறைச்சி. உருளைக்கிழங்குப் பொரியலை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகளும் உண்டு, கேட்டு வாங்குங்கள். சீஸ் வைத்த காஸ் சூஃப்ளே கிடைக்கும். ‘கொஃபி ஷொப்’ என்று பலகை போட்ட இடத்தில் தேத்தண்ணி தேடிப் போகாதீர்கள், அது கஞ்சாக் கடை.

மன்னரை நேரில் பார்க்கலாமா?
– அச்சுவேலி வாசகர்

அம்ஸ்ரர்டாமில் தேடினால் காணமாட்டீர்கள். மன்னர் குடும்பம் ஆண்டுக்கு ஒரு ஊருக்குப் போகும்: 2023 ரொட்டர்டாம், 2024 எம்மன், 2025 டூட்டிங்கம். ஊர் முன்கூட்டியே அறிவிக்கப்படும். வேலிக்கு முன்வரிசை வேண்டுமென்றால் மிக விடியவே போய் நிற்கவேண்டும்.

விசாவுக்கு எப்போது கொடுப்பது?
– பருத்தித்துறை வாசகர்

பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் எடுக்கமாட்டார்கள். முடிவு 15 நாளில் வருவது வழக்கம், 45 நாள்வரை இழுக்கவும் கூடும். ஏப்ரல் பயணத்துக்கு ஜனவரியில் கொடுப்பது புத்தி. பெரியவருக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். கடவுச்சீட்டு திரும்பும் நாளிலிருந்து இன்னும் மூன்று மாதமாவது செல்லுபடியாகவேண்டும். பிள்ளை வீட்டில் தங்குவதாயின் அவர் பொறுப்பேற்புப் படிவத்தை நிரப்பி, தன் கையொப்பத்தைத் தன் ஊர் நகரசபையில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பவேண்டும். இது பிந்துவதால்தான் பலருடைய விண்ணப்பம் தாமதமாகிறது, முதலில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

திரும்பும் திகதியை மே 6க்கு வைத்தால் இன்னொன்றும் பார்க்கலாம். மே 4 இரவு 8 மணிக்குப் போரில் இறந்தோருக்காக நாடே இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கும், மறுநாள், இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரிடமிருந்து நாடு மீண்டதைக் கொண்டாடும் விடுதலை நாள்.