வேலிப் பலகையில் தொடங்கிய சங்கம்

கேள்வி: மகன் குல்மார்க் போய்ப் பனிச்சறுக்கு வீடியோ எடுத்து வந்தான். இதற்கென்றே ஊர்ச் சங்கங்கள் உண்டு, ஒன்று நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் பழையது என்கிறான். நிஜமா? பணக்காரர்கள் ஆரம்பித்ததா?
- ஒரு வாசகி, தொண்டி

பதில்: நிஜம்தான் அம்மா. ஆனால் பணக்காரர்கள் இல்லை, தங்கம் தோண்டப் போன கூலி ஜனம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மலையில் கியாண்ட்ரா என்று ஒரு ஊர். 1859 கடைசியில் அங்கே தங்கம் கிடைத்ததும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் ஏறிப் போனார்கள், போனவர்களில் நார்வேக்காரர்களும் இருந்தார்கள், பனியில் பலகை கட்டிப் போவது அவர்களுக்கு நம் பிள்ளைகளுக்குத் துடுப்புப் போடுவது மாதிரி. பலகைக்கு எங்கே போவது? வேலிக்கு அடிக்கும் பலகைதான். நாலடி நீளம், முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கும், நடுவில் கால் நுழைக்க ஒரு வார், அவ்வளவுதான். இப்போது போல இரண்டு கோல் கிடையாது, ஒரே நீளக் கம்பு, அதன்மேல் சாய்ந்தால் அதுவே பிரேக். 1861-ல் சங்கமும் வந்துவிட்டது. நார்வேயில் திரிசில் ஊர்ச் சங்கமும் அதே வருஷம்தான், யார் மூத்தவர் என்று இன்னும் பேச்சு ஓடுகிறது.

தங்கம் சீக்கிரமே குறைந்துபோய், ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகி, இன்று நம் பழைய தனுஷ்கோடி மாதிரி ஆளில்லாமல் கிடக்கிறது. தனுஷ்கோடியைப் புயல் 1964-ல் ஒரே ராத்திரியில் கொண்டுபோனது, இது மெல்ல மெல்லப் போனது. சங்கம் மட்டும் பெரிஷர் என்ற பனித்தளத்தில் அதே ஊர்ப் பெயரோடு இருக்கிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். உங்கள் மகன் பார்த்த குல்மார்க்கில் 1927-ல் ஆங்கிலேயர்கள் பனிச்சறுக்குச் சங்கம் அமைத்தார்கள். அந்தப் பக்கத்துப் பையன் ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர்.

அப்புறம், உங்கள் தொண்டிப் பக்கமே திருவிழாவுக்குப் பாய்மரப் படகுப் போட்டி விடுகிறார்களே, காற்று சாய்க்கும்போது குறுக்குப் பலகையில் ஏறி நின்று உடம்பு எடையாலேயே படகை நிமிர்த்துகிற அந்த ஆட்கள் யார், எந்த வருஷம் எந்த ஊர் ஜெயித்தது என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? வேலிப் பலகைக் கதை நமக்குக் கிடைத்ததே அந்தக் காலப் பத்திரிகையில் ஒருவர் எழுதியதால்தான். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள் மகனை, எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.