கல்லா, கவிதையா?

கேள்வி: என் மகள் ஏ நிலைத் தேர்வு முடித்துவிட்டாள். உயர்நிலை ஒன்றிலிருந்தே பீஷானிலுள்ள மொழி நிலையத்துக்குப் போய் மூன்றாம் மொழியாகப் பிரெஞ்சு படித்தவள். வேதியியலிலும் நல்ல மதிப்பெண். இப்போது, ‘பிரெஞ்சு இலக்கியம் படிப்பேன், இல்லாவிட்டால் புவியியல்’ என்கிறாள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அவள் அப்பா கணக்கியலில் சேரச் சொல்கிறார். இரண்டு வாரமாக வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. அவள் வட்டமிட்டு வைத்த பாடப் பட்டியலை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?
— ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரி,

பட்டியலைப் பார்த்தேன். கனிமங்கள், பாறை அமைப்பு, புதைபடிவங்கள் என்று வட்டமிட்டிருக்கிறாள். இது பள்ளியில் படித்த புவியியல் அல்ல, நிலவியல். அவள் அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். மகள் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டப் போகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

சம்பந்தமே இல்லை என்கிறீர்கள். 1755 நவம்பர் 1 அன்று காலை போர்ச்சுகலின் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தது. பின்னாலேயே கடல் பொங்கியது, தீ பரவியது. அடுத்த ஆண்டு பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அதைப் பற்றிய நீண்ட கவிதையை வெளியிட்டார். 1759-இல் வந்த அவருடைய ‘காந்தீத்’ கதையில், மறுபடி நிலம் நடுங்காமலிருக்கச் சிலரைத் தீயிலிட்டால் போதும் என்று பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். அதே காலத்துச் சிந்தனையாளர் ரூசோவோ அவருக்கு எழுதிய கடிதத்தில், அத்தனை மாடி வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கையா என்று கேட்டார். அடுக்குமாடியில் வாழும் நமக்குச் சுருக்கென்று தைக்கிற கேள்வி. அந்த நடுக்கம் கடலடியில் எந்தப் பிளவில் தொடங்கியது என்று நிலவியலாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். உங்கள் மகள் ஒரே இடத்துக்கு இரண்டு வாசல் வழியாகப் போகப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

ஆனால் வாசல்கள் வேறு வேறு. பிரெஞ்சு இலக்கியப் பட்டம் என்றால் சோபாவில் சாய்ந்து நாவல் படிப்பது என்று அவள் எண்ணியிருந்தால் ஏமாந்துபோவாள். பதினைந்து இருபது வரியைக் கையில் கொடுத்து, இந்த வினைச்சொல் ஏன் இந்தக் காலத்தில் நிற்கிறது, இந்தக் காற்புள்ளி என்ன வேலை செய்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதச் சொல்வார்கள். பிரான்ஸிலேயே படித்தால் இடைக்காலப் பிரெஞ்சும் வரும். நம் பிள்ளைகள் சங்கப் பாட்டைப் பிரித்துப் படிக்கப் படும் பாடுதான் அங்கேயும்.

இனி நிலவியல். எங்கள் மாடியில் குடியிருக்கும் பையன் மண் ஆய்வு வேலையில் இருக்கிறான். ஒருநாள் பிளாஸ்டிக் பையில் ஒரு கட்டி களிமண்ணைக் கொண்டுவந்து காட்டினான். காலாங் பக்கம் துளை போட்டு எடுத்ததாம். சாம்பல் நிறம், பிசைந்த மாவின் பதம். நகத்தால் கீறினால் உள்ளே ஒரு சிப்பித் துண்டு! அந்த இடம் ஒரு காலத்தில் கடல். அதற்குள்தான் நாம் ரயில் பாதை குடைகிறோம். புக்கித் தீமா கருங்கல்லோ 20 கோடி ஆண்டுக்கும் மூத்தது. ஜூரோங் தீவின் அடியில், 130 மீட்டர் ஆழத்தில், 2014-இல் எண்ணெய்க் கிடங்கு திறந்தார்களே, அதற்கும் முதலில் பாறையைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது. ‘வேலை கிடைக்குமா’ என்று அவள் அப்பா கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

படிக்கும் இடம்: நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல், புவி அறிவியல் பட்டத்துக்குள் நிலவியல் படிக்கலாம். சுமத்ராவின் நிலநடுக்கங்களை ஆராயும் புவி ஆய்வகமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. 2007 மார்ச்சில் சுமத்ராவில் நிலம் அசைந்தபோது எங்கள் வீட்டுக் கூடத்து விளக்கு ஆடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிரெஞ்சை இங்கே மொழியாகக் கற்கலாம்; இலக்கியத்துக்கென்றே முழுப் பட்டம் வேண்டுமானால் வெளிநாடுதான். பிரிட்டனில் பெரும்பாலும் நான்கு ஆண்டு, அதில் ஓராண்டு வெளியே. பிரான்ஸின் அரசுப் பல்கலைக்கழகங்கள் மூன்றாண்டில் முடித்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 2019-இல் ஆண்டுக் கட்டணத்தை 2,770 யூரோவாக உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகும் லண்டனோடு ஒப்பிட்டால் மலிவு. தங்குமிடச் செலவு தனி.

என் யோசனை கேட்டால், நிலவியலில் சேரட்டும், பிரெஞ்சை விடவே வேண்டாம். மொழி ஏற்கெனவே அவள் கையில் இருக்கிறது. வால்டேரை ஈசூனில் உட்கார்ந்தும் படிக்கலாம். பாறையை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்ப்பதையும், வெயிலில் மலையேறி அடுக்குகளின் சாய்வை அளப்பதையும் வீட்டிலிருந்து கற்க வழியில்லை. ஆனால் பதினைந்து வரியோடு இரவெல்லாம் மல்லுக்கட்டி, காலையில் அதே முகமலர்ச்சியோடு எழுகிறவள் என்றால் நான் சொன்னதைத் தள்ளிவிடுங்கள். அது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

கணக்கியல்? அவள் வட்டமிட்ட பட்டியலில் அது இல்லையே, சகோதரி.

இந்தச் சனிக்கிழமை மூவருமாக லாப்ரடோர் கடற்கரைக்குப் போய் வாருங்கள். அங்குள்ள பாறைச் சரிவில் படிவு அடுக்குகள் வெறும் கண்ணுக்கே தெரியும். ஒரு பூதக்கண்ணாடி போதும். அவளையே விளக்கச் சொல்லி, அப்பாவைக் கேட்கவிடுங்கள். சுத்தியல் மட்டும் வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட வனப்பகுதி, கல்லைத் தொட்டு உடைத்தால் அபராதம் அப்பா தலையில்தான் விழும்.